எந்த நோட்டு

பகுதிநேர ஆய்வுக்குப் பதிவு செய்த அன்று
பக்கத்து நாற்காலி ரஹ்மத்துனிசா கேட்டாள்:
"எந்த நேரத்தோட பகுதி?"

இரவு பதினொன்றரைக்கு மேல் என்றேன்.
அப்போதுதான் ஜங்ஷனிலிருந்து போன் வரும்.
நாலாம் பிளாட்பாரத்தில் ஒரு பையன்,
பேர் சொல்ல மாட்டேங்கிறான், செருப்பு ஒரு கால்தான்.
பாதி வாக்கியத்தில் மடிக்கணினியை மூடிவிட்டுப் போவேன்.
மூன்று வாரம் கழித்துத் திரும்பினால்
அந்த வாக்கியத்துக்கு என்னை அடையாளம் தெரியாது.

தடையின்மைச் சான்றுக்கு நாலு மாதம் தடை.
"டாக்டர்னு போர்டு மாட்டி ஊசி போடப் போறீங்களாம்மா?"
கண்காணிப்பாளருக்கு அது நகைச்சுவை.
என் ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்கு ஒருமுறை செத்துப் பிழைக்கும்,
ஆய்வுப் பதிவுக்கு ஆயுசு ஆறு வருடம்.
கட்டணத்துக்கு வளையல் ஒன்று
செவ்வாய்ப்பேட்டையில் இருக்கிறது,
வட்டி மட்டும் என்னைப் பார்க்க வருகிறது.

கருப்பூரில் நெறியாளர் எட்வின் தயாபரன்
நல்ல மனிதர். டீ வாங்கிக் கொடுத்துத்தான் திட்டுவார்.
இரண்டாம் இயல் முழுக்கச் சிவப்பு வட்டங்கள்:
எங்கள் பிள்ளைகள். எங்கள் மலை. எங்கள் தோல்வி.
"பதினேழு இடத்துல 'எங்கள்' வருது அம்மா.
ஆய்வாளர் வெளியே நிக்கணும்."
வெளியே நின்ற நாள் எது என்று யோசித்துக்கொண்டே
ஓமலூர் பஸ்ஸில்
சேலம் வரை நின்றுகொண்டு வந்தேன்.

மார்கழி ஞாயிறு. நாகலூர் தாண்டி
ஜீப் போகாத இடத்தில் சடைச்சியின் வீடு.
வாசலில் காப்பிப் பழம் காய்கிறது.
களம் என்றால் அவளுக்கு அதுதான்.
எனக்குக் களம் என்றால் அவள்:
மாதிரி எண் பதினான்கு.

இரண்டு வருடத்துக்கு முன்
அவள் மூத்த மகளின் கல்யாணத்தைப்
பந்தலோடு நிறுத்தியவள் நான்.
சமைத்த சோறு அன்று யாருக்குப் போனது என்று
நான் கேட்கவில்லை. எந்தப் படிவத்திலும் அந்தக் கேள்வி இல்லை.

பேனாவைத் திறந்ததும் கேட்டாள்,
"இது எந்த நோட்டு?"
பழுப்பு, படிப்புக்கு. நீலம்தான் ஆபீசுக்கு.
"நீலத்துல எழுதினா ஜீப்பு வரும்.
இதுல எழுதினா?"
யாரும் வரமாட்டாங்க என்றேன்,
ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு.
பழத்தைக் காலால் கிளறிவிட்டாள்.
"யாரும் வரமாட்டாங்கன்னா
எதுக்கு எழுதற?"

ஒப்புதல் படிவத்தின் ஐந்தாம் பத்தியை
இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன்:
குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தால்
ரகசியம் செல்லாது.
"செல்லாது" என்ற சொல்லில் நிமிர்ந்தாள்.
அதற்குப் பிறகுதான் சொன்னாள்
சின்னவளைப் பற்றி. மாசியில் தேதி.
மாப்பிள்ளை அவள் புருஷனின் அக்கா மகன்.
நான் பேனாவை மூடியிருந்தேன்.
கைநாட்டு வைக்காமல்
படிவத்தை மடித்துத் திருப்பித் தந்தாள்.
"நான் சொன்னேன்னு
எந்த நோட்டுலயும் வேண்டாம்."

இறங்கும் பஸ்ஸில்
பதினோராவது கொண்டை ஊசியில் சிக்னல் வந்தது.
எங்கள் அலுவலகத்துக்கே போட்டேன்.
ஞாயிறு டியூட்டி ரஹ்மத்துனிசா.
யார் பேசறது என்றாள்.
பேர் வேண்டாம் என்றேன்.
ஒரு வளைவு முழுக்கப் பேசவில்லை.
பிறகு, "சொல்லுங்க மேடம்."
ஏழு வருடத்தில் அவள் என்னை மேடம் என்றது
அந்த ஒரு தடவை.
ஊர், பெண்ணின் வயது, மாதம். சொன்னேன்.
எழுதும் சத்தம் கேட்டது.

அரையாண்டு அறிக்கையில் ஒரு கட்டம்:
சேகரித்த நேர்காணல்களின் எண்ணிக்கை.
பதின்மூன்று என்று போட்டேன்.
நெறியாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"போன தடவையும் பதின்மூன்றுதானே?"
ஆமா சார்.
டீ வந்தது.